மணிக்கட்டு எலும்பு முறிவும் எக்ஸ்-கதிர்ப் படமும்: ஒரு வரலாறு

மணிக்கட்டில் ஏற்படும் எலும்பு முறிவுகளையும் மூட்டு விலகல்களையும் எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணையோடு கண்டறிவது இன்று எல்லா மருத்துவமனைகளிலும் நடைபெறும் அன்றாடச் செயல். கால் இடறி விழும் மனிதர் இயல்பாகவே கையை ஊன்றுகிறார். உடலின் எடை முழுவதும் ஒரு கணம் மணிக்கட்டின் மீது இறங்குகிறது. வீக்கமும் வலியும் ஏற்பட்டு மருத்துவரிடம் சென்றால், முதலில் ஒரு படம் எடுத்து வரச் சொல்கிறார்கள்.

எக்ஸ்-கதிர் (ஊடுகதிர்) கண்டுபிடிக்கப்பட்டவுடன் எல்லா முறிவுகளும் தாமாகவே வெளிப்பட்டுவிட்டன என்று பலர் எண்ணுகின்றனர். படம் 1896ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

மணிக்கட்டின் அமைப்பு

முன்கையில் இரண்டு நீண்ட எலும்புகள் உள்ளன. பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி எலும்பு. இவற்றின் கீழ்முனைகளுக்கும் உள்ளங்கை எலும்புகளுக்கும் இடையில் எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசைகளாக அமைந்துள்ளன.

முன்கையை ஒட்டிய முதல் வரிசையில், பெருவிரல் பக்கத்திலிருந்து தொடங்கினால், படகெலும்பு (ஸ்காஃபாய்டு), பிறையெலும்பு (லூனேட்), முப்பட்டை எலும்பு, பட்டாணி எலும்பு ஆகியவை உள்ளன. விரல்களை நோக்கிய இரண்டாம் வரிசையில் டிரபீசியம், டிரபீசாய்டு, தலையெலும்பு (கேப்பிடேட்), கொக்கி எலும்பு (ஹேமேட்) ஆகியவை உள்ளன. பெயர்கள் பெரும்பாலும் வடிவத்தைக் கொண்டு இடப்பட்டவை. படகெலும்பு சிறு படகைப் போலவும் பிறையெலும்பு பிறை நிலவைப் போலவும் இருக்கும்.

இந்த எட்டு எலும்புகளையும் தசைநார்கள் ஒன்றோடொன்று பிணைத்து வைத்துள்ளன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு வெண்மையாகத் தெரியும். தசைநார் தனியாகத் தெரியாது. மேலும் படம் என்பது ஒரு நிழல். சுவரில் விழும் கை நிழலில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று மறைவதைப் போல, மணிக்கட்டின் படத்திலும் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இந்த இரண்டு காரணங்களால்தான் மணிக்கட்டுப் படத்தைப் படிப்பது கடினமாகிறது.

எக்ஸ்-கதிருக்கு முன்

பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய மருத்துவர்கள், கையூன்றி விழுந்து வளைந்துபோன மணிக்கட்டை 'மூட்டு விலகல்' என்றே கருதினர். கையைப் பிடித்து இழுப்பார்கள். வளைவு நேராகும். விட்டவுடன் மீண்டும் வளையும். பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் குளோது பூத்தோ, இது ஆரை எலும்பின் கீழ்முனையில் ஏற்படும் முறிவு என்று எழுதினார். அவர் இறந்த பின், 1783இல் அந்த எழுத்து வெளிவந்தது. ஆனால் அது பிற நாடுகளில் பரவவில்லை.

அயர்லாந்தின் டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் (1773–1843), 1814இல் எடின்பரோ மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மணிக்கட்டு விலகல் என்று கருதப்படும் காயங்களில் பெரும்பாலானவை ஆரை எலும்பின் முறிவே என்று அவர் அதில் விளக்கினார். முறிந்த எலும்பை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. முன்கையின் பின்புறத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு பள்ளம் தெரிவதையும், இழுத்தால் நேராகி விட்டால் மீண்டும் வளைவதையும் கண்ணாலும் கைவிரலாலும் ஆராய்ந்தே அவர் அந்த முடிவுக்கு வந்தார். மூட்டு மட்டும் விலகியிருந்தால், அதைச் சரியாகப் பொருத்திய பின் அது அவ்வளவு எளிதில் நழுவாது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

பாரிசில் குய்யோம் துப்புயித்ரன் இதே கருத்தை வலியுறுத்தினார். 1847இல் டப்ளினைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் ஸ்மித், முறிந்த துண்டு பின்புறம் போகாமல் உள்ளங்கைப் பக்கமாக நகரும் வேறொரு வகை முறிவை விவரித்தார். இவை இன்றும் காலிஸ் முறிவு, ஸ்மித் முறிவு என்றே அழைக்கப்படுகின்றன. காலிஸ் முறிவில் கை பக்கவாட்டிலிருந்து பார்க்க உணவு உண்ணும் முள்கரண்டியைப் போல வளைந்து காணப்படும். எக்ஸ்-கதிர் தோன்றுவதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே, மணிக்கட்டின் மிகப் பொதுவான முறிவு இவ்வாறு அடையாளம் காணப்பட்டுவிட்டது.

ஒரு கையின் நிழல்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன், கண்ணுக்குப் புலப்படாத புதிய கதிர் ஒன்றைக் கவனித்தார். அதன் இயல்பு தெரியாததால் எக்ஸ்-கதிர் என்று பெயரிட்டார். டிசம்பர் 22 அன்று தம் மனைவி பெர்தாவின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. 1896 ஜனவரி 23 அன்று வூர்ஸ்பர்க்கில் உரையாற்றியபோது, உடற்கூற்றியல் அறிஞர் கோலிக்கரின் கையை அவையினர் முன்னிலையில் படம் எடுத்துக் காட்டினார். இக்கண்டுபிடிப்புக்காக 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

முதல் படங்களில் பெரும்பாலானவை கையின் படங்களாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலக் குழாய்களின் ஆற்றல் குறைவு. ஒரு படம் எடுக்கப் பல நிமிடங்கள் ஆகும். கை மெல்லியது. மேசைமீது அசையாமல் வைத்திருக்கலாம். மார்பையோ இடுப்பையோ அவ்வளவு எளிதாகப் படம் பிடிக்க முடியாது.

1896 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள டார்ட்மவுத் கல்லூரிக்கு எடி மெக்கார்த்தி என்ற 14 வயதுச் சிறுவன் அழைத்து வரப்பட்டான். உறைந்த கனெக்டிகட் ஆற்றின் மீது சறுக்கி விளையாடும்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவன் அவன். கல்லூரியின் வானியல் பேராசிரியர் எட்வின் ஃப்ராஸ்டும், மருத்துவரான அவர் அண்ணன் கில்மன் ஃப்ராஸ்டும் சேர்ந்து அவன் கையைப் படம் எடுத்தனர். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் கிடைத்த குழாய்களில், பிராகில் பணியாற்றிய இயற்பியலாளர் இவான் புலுய் வடிவமைத்த குழாய் ஒன்று மட்டுமே நன்கு வேலை செய்தது. சிறுவன் 20 நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருந்தான். கண்ணாடித் தகட்டில் அரந்தி எலும்பின் முறிவு தெளிவாகத் தெரிந்தது. அதே மாதம் 'சயின்ஸ்' இதழில் எட்வின் ஃப்ராஸ்ட் இதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் மருத்துவத் தேவைக்காக எடுக்கப்பட்ட முதல் எக்ஸ்-கதிர்ப் படங்களுள் ஒன்றாக இது குறிப்பிடப்படுகிறது.

கதிருக்குப் பலியான கைகள்

கதிரின் தீமை தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. குழாய் சரியாக வேலை செய்கிறதா என்பதை அறிய, மருத்துவர்களும் உதவியாளர்களும் ஒவ்வொரு முறையும் தம் கையையே கதிரின் முன் நீட்டிப் பார்த்தனர். நாளடைவில் தோல் சிவந்து, புண்ணாகி, புற்றுநோயாக மாறியது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904இல் இறந்தார். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எக்ஸ்-கதிர் மருத்துவத்தைத் தொடங்கிய ஜான் ஹால் எட்வர்ட்ஸின் இடது கை 1908இல் வெட்டி அகற்றப்பட்டது. இவ்வாறு உயிர்நீத்தவர்களின் நினைவாக 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அதில் முதலில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. பிறர் கை எலும்பைக் காட்டுவதற்காகத் தம் கையை இழந்தவர்கள் அவர்களுள் பலர்.

1913இல் அமெரிக்கரான வில்லியம் கூலிட்ஜ் புதிய வகைக் குழாயை உருவாக்கினார். அதில் கதிரின் அளவைக் கட்டுப்படுத்த முடிந்தது. கையை நீட்டிச் சோதிக்கும் தேவை குறைந்தது. படங்களும் தெளிவாயின.

'சுளுக்கு' என்று கருதப்பட்டவை

முன்கை எலும்பின் முறிவைக் காலிஸ் விரலாலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்று முறிந்தால் வெளியே வளைவு தெரியாது. சிறிது வீக்கமும் வலியும் மட்டுமே இருக்கும். ஆகையால் அவை 'சுளுக்கு' என்ற பெயரில் கட்டுப் போட்டு அனுப்பப்பட்டன. இந்தத் தவற்றை வெளிப்படுத்தியதே எக்ஸ்-கதிரின் பெரும்பணி.

பூத்தோ வாழ்ந்த அதே லியோன் நகரில், எத்தியேன் தெஸ்தோ என்ற மருத்துவர் 1896 முதலே எக்ஸ்-கதிரைப் பயன்படுத்தினார். மணிக்கட்டுக் காயங்களின் படங்களைப் பல ஆண்டுகள் திரட்டி ஆராய்ந்தார். 1918இல் அவர் இறந்தார். மணிக்கட்டுக் காயங்களும் எக்ஸ்-கதிரும் பற்றிய அவருடைய நூல் 1923இல் வெளிவந்தது. பின்னர் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன், தம் உடன்பணியாளர் சேஸ் என்பவரோடு சேர்ந்து, 1905இல் படகெலும்பு முறிவு, பிறையெலும்பு விலகல் ஆகிய இரண்டையும் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். நீண்ட நாள் ஆறாத சுளுக்கு என்று கருதப்பட்டவற்றுள் இக்காயங்கள் மறைந்திருப்பதை அது எடுத்துக்காட்டியது. ஒவ்வொரு நோயாளியும் சிகிச்சைக்குப் பின் எப்படி இருக்கிறார் என்பதை மருத்துவமனைகள் பின்தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியவர் காட்மன். நோயாளி திரும்பி வந்து வலியைச் சொல்லும்போதுதான் தவறவிட்ட முறிவு தெரியவரும் என்பதால், மணிக்கட்டுக்கு அக்கொள்கை மிகவும் பொருந்தும்.

1910இல் வியன்னாவின் எக்ஸ்-கதிர் மருத்துவர் ராபர்ட் கீன்பாக், பிறையெலும்பு இரத்த ஓட்டம் குன்றி மெல்ல நொறுங்கும் நோயைப் படங்களின் மூலம் விவரித்தார். அது இன்றும் கீன்பாக் நோய் எனப்படுகிறது.

படகெலும்பின் சிக்கல்

மணிக்கட்டின் சிறு எலும்புகளில் மிகுதியாக முறிவது படகெலும்பே. இளைஞர்களிடம், சிறப்பாக விளையாட்டில் கையூன்றி விழுபவர்களிடம், இது அதிகம். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது இரத்த ஓட்டம். பெரும்பாலான எலும்புகளுக்கு இரத்தம் பல வழிகளில் வரும். படகெலும்புக்குப் பெரும்பகுதி இரத்தம் விரல்கள் இருக்கும் பக்கத்திலிருந்து நுழைந்து, முன்கை இருக்கும் பக்கத்தை நோக்கிப் பின்னோக்கிச் செல்கிறது. 1980இல் கெல்பர்மன், மேனன் ஆகிய இருவர் செய்த ஆய்வு, எலும்பின் உட்புற இரத்தத்தில் 70 முதல் 80 விழுக்காடு இவ்வழியில் வருவதைக் காட்டியது. எலும்பு நடுவில் முறிந்தால், கடைமடைக்குத் தண்ணீர் நின்றுபோவதைப் போல, முன்கைப் பக்கத் துண்டுக்கு இரத்தம் நின்றுபோகலாம். அந்தத் துண்டு உயிரற்றுப்போகும். முறிவு கூடாமல் நின்றுவிட்டால், சில ஆண்டுகளில் மூட்டு தேய்ந்து, கைப்பிடி வலுவிழந்து, நிரந்தர வலி ஏற்படும். இருபது வயதில் தவறவிட்ட ஒரு மெல்லிய கோடு, நாற்பது வயதில் தொழில் செய்யும் கையைப் பறித்துவிடக்கூடும்.

இரண்டாவது சிக்கல் படத்தில் உள்ளது. படகெலும்பு மணிக்கட்டில் சாய்வாக அமைந்துள்ளது. நேராக எடுத்த படத்தில் அது சுருங்கித் தெரியும். முறிவுக்கோடு மறைந்துவிடும். 1937இல் ஸ்டெச்சர் என்ற மருத்துவர், கதிரின் திசையைச் சாய்த்து எடுத்தால் படகெலும்பு முழு நீளத்தில் தெரியும் என்று காட்டினார். கையைச் சுண்டுவிரல் பக்கமாகத் திருப்பி எடுக்கும் 'படகெலும்புப் படம்' இன்று வழக்கமாகிவிட்டது.

அப்படி எடுத்தாலும் படகெலும்பு முறிவுகளில் 10 முதல் 20 விழுக்காடு வரை முதல் நாள் படத்தில் தெரிவதில்லை என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் இரு பக்கமும் விலகாமல் ஒட்டியிருந்தால் நிழலில் இடைவெளி விழாது. பத்து முதல் பதினான்கு நாட்கள் கழித்து, விரிசலின் ஓரங்கள் உடலால் சிறிது கரைக்கப்பட்ட பின், கோடு தெரியத் தொடங்கும்.

அதனால் இங்கே மீண்டும் விரலே வழிகாட்டுகிறது. பெருவிரலை நன்றாக விரித்து உயர்த்தினால், அதன் அடியில் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சிறு குழி தோன்றும். ஐரோப்பியர் அதில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சியதால் அதற்கு 'மூக்குப்பொடிக் குழி' என்று பெயர். படகெலும்பு அந்தக் குழியின் அடியில் உள்ளது. கையூன்றி விழுந்தவருக்கு அந்த இடத்தை அழுத்தினால் வலி இருந்தால், படத்தில் முறிவு தெரியாவிட்டாலும், முறிவு இருப்பதாகவே கருதி மணிக்கட்டை அசையாமல் கட்டிவைத்து மீண்டும் சோதிப்பது நெடுங்கால மருத்துவ வழக்கம்.

வரிசையும் வளைவும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்களின் கவனம் முறிவுக்கோட்டிலிருந்து எலும்புகளின் வரிசைக்கு நகர்ந்தது. தசைநார் படத்தில் தெரியாது. ஆனால் அது அறுந்தால் எலும்புகள் இடம் மாறும். அந்த மாற்றத்தைப் படத்தில் அளக்கலாம். 1972இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லின்ஷீட், டாபின்ஸ் முதலியோர், பக்கவாட்டுப் படத்தில் படகெலும்புக்கும் பிறையெலும்புக்கும் இடையே உள்ள கோணத்தைக் கொண்டு இத்தகைய நிலைகுலைவை விளக்கினர். இக்கோணம் இயல்பாக 30 முதல் 60 பாகை வரை இருக்கும்.

1977இல் விக்டர் ஃப்ராங்கல், இவ்விரு எலும்புகளுக்கும் இடையே இடைவெளி அகன்றிருப்பதற்கு 'டெர்ரி தாமஸ் அடையாளம்' என்று பெயரிட்டார். டெர்ரி தாமஸ் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி கொண்ட ஆங்கிலேய நகைச்சுவை நடிகர். பல்லிடுக்கை நினைவில் வைத்திருக்கும் மாணவர், படத்தில் அந்த இடுக்கைத் தவறவிடமாட்டார்.

1979இல் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த லூயிஸ் கிலுலா, நேர்ப்படத்தைப் படிக்க எளிய வழி ஒன்றைத் தந்தார். முதல் வரிசை எலும்புகளின் மேல் விளிம்பு ஒரு வளைவு. அவற்றின் கீழ் விளிம்பு இரண்டாவது வளைவு. இரண்டாம் வரிசையில் உள்ள தலையெலும்பு, கொக்கி எலும்பு ஆகியவற்றின் மேல் விளிம்பு மூன்றாவது வளைவு. நலமான மணிக்கட்டில் இம்மூன்றும் உடையாத, மென்மையான வளைவுகளாக இருக்கும். எங்காவது படி விழுந்தாற்போல் உடைந்திருந்தால், அங்கே முறிவோ விலகலோ உண்டு.

பக்கவாட்டுப் படத்துக்கும் இதுபோன்ற விதி உண்டு. ஆரை எலும்பு, பிறையெலும்பு, தலையெலும்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில், தட்டின் மேல் கிண்ணமும் கிண்ணத்துள் பழமும் வைத்தது போல அமைந்திருக்கும். பிறையெலும்பு இடம் பெயர்ந்தால் கிண்ணம் கவிழ்ந்தது போலத் தெரியும். இவ்வளவு தெளிவான அடையாளம் இருந்தும் இது தவறவிடப்படுகிறது. பிறையெலும்பைச் சுற்றிய விலகல் உற்ற 166 பேரைப் பற்றி 1993இல் வெளிவந்த ஹெர்ஸ்பெர்க் குழுவினரின் ஆய்வில், நான்கில் ஒருவருக்கு முதல் முறை காயம் கண்டறியப்படவில்லை என்று தெரியவந்தது. நேர்ப்படம் ஒன்றோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிறுவர்களின் மணிக்கட்டு

பள்ளி வயதுப் பிள்ளைகளின் படத்தைத் தனியாகக் கருத வேண்டும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டுப் படத்தில் எட்டு எலும்புகளில் பொதுவாக ஒன்றும் தெரியாது. அவை அப்போது குருத்தெலும்பாக இருக்கும். முதல் சில மாதங்களில் தலையெலும்பு தோன்றும். பட்டாணி எலும்பு 9 முதல் 12 வயதுக்குள் கடைசியாகத் தோன்றும். கைப் படத்தைக் கொண்டு எலும்பின் வயதைக் கணிப்பது இந்த ஒழுங்கை அடிப்படையாகக் கொண்டதே. இதற்கான கிரூலிச்–பைல் படத்தொகுப்பு 1950இல் வெளிவந்தது.

வளரும் எலும்பின் முனையில் வளர்ச்சித் தகடு உள்ளது. படத்தில் அது கருங்கோடாகத் தெரிவதால், பழக்கமில்லாதவர் அதை முறிவு என்று எண்ணக்கூடும். மாறாக, உண்மையான தகட்டுக் காயம் படத்தில் தெரியாமலும் போகலாம். 1963இல் கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த சால்ட்டர், ஹாரிஸ் ஆகியோர் இக்காயங்களை ஐந்து வகைகளாகப் பிரித்தனர். சிறுவர் எலும்பு வளையும் தன்மை உடையது. அதனால் ஆரை எலும்பின் ஓரம் உடையாமல் புடைத்து மட்டும் நிற்கும் 'புடைப்பு முறிவு' அவர்களிடம் மிகுதி. இது பொதுவாகச் சில வாரங்களில் நன்றாக ஆறிவிடும்.

இன்றைய நிலை

1971இல் தொடங்கிய சி.டி. ஸ்கேன், எலும்பைத் துண்டு துண்டாகக் காட்டி, ஒன்றன்மேல் ஒன்று மறையும் நிழலின் குறையைத் தீர்த்தது. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எலும்பின் உள்ளே ஏற்படும் நீர்க்கோப்பையும் தசைநாரையும் காட்டுவதால், எக்ஸ்-கதிரில் மறைந்திருக்கும் படகெலும்பு முறிவை ஓரிரு நாளிலேயே வெளிப்படுத்துகிறது. ஐயத்துக்குரிய படகெலும்பு முறிவுக்கு, கையை நன்கு சோதித்த பின் எம்.ஆர்.ஐ.யையே முதல் படமாக எடுப்பதைக் கருதலாம் என்று இங்கிலாந்தின் வழிகாட்டுதல் 2016இல் கூறியது. ஆயினும் அக்கருவி எல்லா ஊர்களிலும் இல்லை, செலவும் அதிகம். பெரும்பாலோருக்கு இன்றும் எக்ஸ்-கதிரே முதல் படம்.

2018 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பெரியவர்களின் மணிக்கட்டுப் படத்தில் முறிவைச் சுட்டிக்காட்டும் கணினி மென்பொருள் ஒன்றுக்கு அனுமதி அளித்தது. அது தேடிக் காட்டுவது ஆரை எலும்பின் கீழ்முனை முறிவை. அதாவது 1814இல் காலிஸ் எழுதிய அதே இடத்தை. மருத்துவரின் சோதனைக்கு அது மாற்றாகாது, துணை மட்டுமே என்பதையும் அந்நிர்வாகம் தெளிவுபடுத்தியது.

முடிவுரை

காலிஸிடம் படம் இல்லை, விரல் இருந்தது. ராண்ட்ஜனுக்குப் பின் வந்தவர்களிடம் படம் இருந்தது. அதில் எதைத் தேட வேண்டும் என்பது தெஸ்தோ, காட்மன், கிலுலா போன்றோரால் ஒவ்வொன்றாகக் கற்றுத்தரப்பட்டது. எக்ஸ்-கதிர்ப் படம் எலும்பின் நிழலைக் காட்டுகிறது. அந்த நிழலில் தெரியாததை இல்லை என்று முடிவு செய்ததால் எத்தனையோ படகெலும்புகள் கூடாமல் போயின.

மாணவர்களும் பெற்றோரும் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கையூன்றி விழுந்த பின் 'படத்தில் ஒன்றுமில்லை' என்று சொல்லப்பட்டாலும், பெருவிரலின் அடிக்குழியில் வலி நீடித்தால், அதைச் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருக்கக் கூடாது. மீண்டும் மருத்துவரிடம் சென்று வலிக்கும் இடத்தைத் தொட்டுக்காட்டி, மறுபடம் தேவையா என்று கேட்க வேண்டும்.